மூன்று மாதம் ஓரிடம்: எங்கள் வீட்டு மழைக்காலத் தங்கல்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலக்கெட்டிலில், பள்ளி வேன் ஓட்டுகிறேன். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிற வீடு எங்களுடையது. அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளாக, ஆடி நெருங்கும்போது எங்கள் வீட்டில் இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. பௌத்தத் துறவிகள் காக்கிற மழைக்காலத் தங்கலை, ஒரு குடும்பத்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, நாங்களும் காக்கிறோம். பாலி மொழியில் இதற்கு வஸ்ஸ என்று பெயர். இந்தப் பக்கத்துச் சயாமியர்கள் (தாய்லாந்து வழிவந்தவர்கள்) பன்சா என்கிறார்கள். "அந்த மூணு மாசம் மட்டும் ஏன் வெளியூர் டிரிப் எடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்ட பெற்றோர்களில் சிலர், விவரம் தெரிந்ததும் "நாங்களும் செய்யலாமா அண்ணே?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பிக்குகளின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசாள மாதப் பௌர்ணமிக்கு மறுநாள், பெரும்பாலும் ஜூலையில், அவர்கள் ஓரிடத்தில் கூடி, "இந்த விகாரையில் இந்த மூன்று மாதமும் தங்குகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அக்டோபர்ப் பௌர்ணமி வரை அதுதான் அவர்கள் இருப்பிடம். சங்கர மடங்களில் வியாச பூர்ணிமையன்று தொடங்கும் சாதுர்மாஸ்யத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கும், சமணத் துறவிகள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் அடங்குவதை அறிந்தவர்களுக்கும் இது பழக்கமான சங்கதிதான்.

புத்தர் இதைத் தொடக்கத்திலேயே விதிக்கவில்லை. வினய நூல்கள் (பிக்குகளின் ஒழுக்க விதிகள்) சொல்கிறபடி, ஆரம்பத்தில் பிக்குகள் வெயில், பனி, மழை எதுவும் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தார்கள். மழைக்காலத்தில் பச்சைப் புல்லையும் சின்னஞ்சிறு உயிர்களையும் மிதித்துக்கொண்டு போகிறார்களே என்று ஊர்ச்சனங்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். மற்ற சமயத் துறவிகள்கூட மழைக்கு ஓரிடத்தில் அடங்குகிறார்கள், பறவைகூட மரத்துச்சியில் கூடு கட்டிக்கொண்டு அடங்குகிறது, இவர்கள் மட்டும் ஏன் இப்படி அலைகிறார்கள் என்று கேட்டார்கள். அந்தப் பேச்சு புத்தரின் காதுக்கு வந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை. மழைக்காலத்தில் தங்குங்கள் என்று விதி செய்துவிட்டார். ஊரார் சொன்ன குறையைக் கேட்டுப் பிறந்த வழக்கம் இது. மூன்று மாதத்தின் கடைசி நாளிலும் குறை கேட்பதுதான் முக்கியச் சடங்கு. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

மழைக்கு அடங்குவது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்ததும் முதல் வேலை, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்று கையை நீட்டிப் பார்ப்பது. தூறல் இருந்தால் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போகாமல் காத்திருப்பார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்டின கோட்டில் பால் ஓடாது. கோட்டைத் தாண்டி மரம் முழுக்க வழிந்து, மழைத்தண்ணீரோடு மண்ணுக்குப் போய்விடும். சரி, பட்டை காயட்டும் என்று காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் மரம் பால் கொடுப்பது குறைந்துவிடும். எங்கள் தோட்டத்தில் வெட்டாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அந்த நாட்களில்தான் லயத்துச் சனங்கள் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசினார்கள் என்பார் அம்மா. கூரை ஒழுகுகிற வீட்டுக்கு நாலு பேர் போய்த் தகரம் மாற்றுவதும், சண்டை போட்ட இரண்டு வீட்டை உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பதும் மழை நாளில்தான் நடக்கும். துண்டாடலுக்குப் பிறகு (பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது) தோட்டம் கைமாறி, செம்பனை வந்து, லயம் காலியாகி, ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) சிதறிவிட்டோம். அந்தக் கூடல் போய்விட்டது. பிக்குகளின் தங்கலைப் பற்றி நான் வந்து சொன்னபோது அம்மாவை ஈர்த்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

வானிலையை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கெடாவில் ஜூலை அப்படியொன்றும் அடைமழைக் காலம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறை என்றுதான் இங்கே மழை கூடும். தங்கலின் தேதி கங்கைச் சமவெளியின் பருவத்தை ஒட்டியது. அதனால் இங்கே அது காய்ந்த மண்ணில் தொடங்கி, நல்ல மழையில் முடியும். ஜன்னலுக்கு வெளியே மழை இல்லையே என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

நாங்கள் போகிற வாட் (சயாமியர் விகாரை), பாலிங் போகிற வழியில் ஒரு சயாமியர் கம்பத்தில் (கிராமத்தில்) இருக்கிறது. ரப்பர் மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு மண்டபம், பிக்குகளுக்குக் கால் ஊன்றிய பலகை வீடுகள், பின்னால் ஒரு ஓடை. சுற்றுவட்டாரத்துத் தமிழர்களுக்கு அது சயாமிக் கோயில். பிக்குவைத் தோக் சாமி என்று கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் பொதுமொழி மலாய். வேனில் வந்த ஒரு சயாமியப் பிள்ளையின் அம்மா, அந்த அக்காதான், எங்களை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

தமிழனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இது. நாம் கடாரம் என்று பாடத்தில் படித்த இடம் இதே கெடாதான். அந்தக் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரத்தைக் கட்ட, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு விட்டுக்கொடுத்தான். செப்பேட்டில் இருக்கிற செய்தி. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், சோழநாட்டைச் சேர்ந்த புத்ததத்தர் என்ற பிக்கு, காவிரிக்கரைப் பூதமங்கலத்தில் இருந்துகொண்டு வினய விதிகளையெல்லாம் பாலியில் செய்யுளாகத் தொகுத்தார். நம் ஆற்றங்கரையிலும் பிக்குகள் மழைக்கு அடங்கி உட்கார்ந்து இந்த விதிகளைப் படித்திருக்கிறார்கள். அங்கே போகும்போது எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விதிகள் என்றதும் பயப்பட வேண்டாம். படிக்கப் படிக்க, அவற்றில் எவ்வளவு நடைமுறை அறிவு இருக்கிறது என்று தெரியும். எங்கெல்லாம் தங்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு: மரப்பொந்தில், மரக்கிளையின் கவட்டில், திறந்த வெளியில், குடையின் கீழ், பெரிய சாடிக்குள். இதையெல்லாம் யாராவது செய்து பார்த்திருந்தால்தானே விதியாக வந்திருக்கும்! இன்னொரு பக்கம், மாட்டுப்பட்டியில் இடையர்களோடு தங்கலாம், வணிகரின் வண்டிக்கூட்டத்தோடு தங்கலாம், படகிலும் தங்கலாம். மாட்டுப்பட்டி இடம் மாறினால் பிக்குவும் கூடவே போகலாம். வண்டி ஓட்டிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பகுதியைத் தோக் சாமி சொன்னபோது மனம் நிறைந்துவிட்டது. சுவர் மட்டும் இடம் ஆகாது, கூட இருக்கிற ஆட்களும் சேர்ந்ததுதான் இடம் என்று நான் புரிந்துகொண்டேன்.

பலரும் தப்பாக நினைப்பது ஒன்று: பிக்குகள் மூன்று மாதம் வாசலைத் தாண்டவே மாட்டார்கள் என்பது. பகலில் போகலாம், வரலாம். காலையில் பிச்சைப் பாத்திரத்தோடு வீடுகளுக்குப் போவார்கள், மருத்துவமனைக்குப் போவார்கள். விடியும்போது தங்கலின் எல்லைக்குள் இருக்க வேண்டும். கணக்கு விடியலில்தான் இருக்கிறது.

அந்த விடியலையும் தவறவிட வேண்டியவர்களுக்கு ஒரு கதவு உண்டு. தாய் தகப்பனுக்கு உடம்பு முடியவில்லை, இன்னொரு பிக்கு நோயில் கிடக்கிறார், தானம் கொடுப்பவர் அழைத்திருக்கிறார் என்பது போன்ற காரணங்களுக்கு ஏழு நாளுக்குள் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பன்சாவின் நடுவில், வாட்டில் இருந்த இளைய பிக்குவின் அம்மாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தில் பெத்தோங்கைத் தாண்டி ஒரு கிராமத்தில், உடம்பு மோசமாகிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நான்தான் அவரை வேனில் பாலிங் வழியாகப் பெங்காலான் ஹுலு எல்லைச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். கிளம்பும் முன் அவர் மூத்தவர் முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பி, ஏழு நாளுக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னார். மூத்தவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு தேதியைப் பென்சிலால் வட்டமிட்டார். யாரும் நீதி சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. வழி முழுக்க அந்தப் பிக்கு பதற்றப்படாமல் வந்ததைப் பார்த்தேன். அம்மாவைப் பார்க்கப் போவதற்கும் சொன்ன சொல்லைக் காப்பதற்கும் நடுவே அவர் அல்லாட வேண்டியிருக்கவில்லை. விதியே இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தது. திரும்பி வந்த அன்று சரியான மழை. குப்பாங் பக்கம் சாலை தெரியவில்லை. ஆனாலும் கடைசி விடியலுக்கு முந்தின இரவே வாட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டேன்.

குப்பாங் என்றதும் 2022 ஜூலை 4 ஞாபகம் வரும். அன்று மலையிலிருந்து வந்த வெள்ளம் அங்கே மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. தங்கல் தொடங்க அப்போது சில நாள்தான் இருந்தது. வெள்ளம், தீ, காட்டு விலங்கு, கொள்ளையர் என்று ஆபத்து வந்தால் இடத்தை விட்டுப் போகலாம், அதில் குற்றம் இல்லை என்றும் வினயம் சொல்கிறது. இப்படிப்பட்ட விதிகளைத்தான் வீட்டில் கடைப்பிடிக்க முடியும். கதவே இல்லாத விரதம் முதல் வாரத்தில் உடையும், உடைந்ததும் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவோம்.

சரி, வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோம்?

அடிப்படை ஒன்றே ஒன்று. மூன்று மாதமும் விடியும்போது வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு இது வருமானத்தில் கை வைக்கிற விஷயம். பத்துமலை, கேமரன் மலை, ஈப்போ என்று ராத்தங்கல் டிரிப்புகளில்தான் கொஞ்சம் காசு பார்க்க முடியும். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே வாடிக்கையாளர்களிடம் சொல்லி, அந்த டிரிப்புகளை இன்னொரு ஓட்டுநர் தம்பிக்குக் கைமாற்றிவிடுகிறேன். அவர் அதற்குப் பதிலாகத் தைப்பூசக் கூட்டத்தில் எனக்குச் சில டிரிப்புகள் தருகிறார். இதைத் திட்டமிடாமல் இறங்க வேண்டாம். கையில் காசு இல்லாத கவலையோடு உட்கார்ந்தால் மூன்று மாதமும் அந்தக் கவலைதான் கூட உட்காரும். ஷிப்டு வேலைக்காரர்கள் விடியலுக்குப் பதிலாக ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். என் மனைவிக்குச் சுங்கைப் பட்டாணியில் ஃபேக்டரி வேலை, இரவு ஷிப்டு மாறி மாறி வரும். அவருக்கு மட்டும் அது காலை எட்டு மணி என்று வைத்திருக்கிறோம்.

நம் நாட்காட்டி இதற்கு நன்றாகவே தோது செய்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை. முதல் மாதம் அழைப்பிதழ் தொல்லை இல்லாமல் ஓடிவிடும். ஆவணியில்தான் சோதனை. ஜொகூரில், கோலாலம்பூரில் என்று சொந்தக்காரர் கல்யாணங்கள் வரிசை கட்டும். அதற்குத்தான் ஏழு நாள் விதி. யாருக்காகப் போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவோம். சொல்ல வேண்டும் என்ற ஒரு கட்டாயமே பாதிப் பயணங்களைக் குறைத்துவிடுகிறது. போகத் தேவையில்லாத இடம், வாய்விட்டுச் சொல்லும்போதே தெரிந்துவிடும். அப்புறம் புரட்டாசி, சனிக்கிழமை விரதம் ஏற்கெனவே இருக்கிற வீடுகளுக்குச் சிரமமே இல்லை. நவராத்திரியும் பெரும்பாலும் கடைசி வாரங்களுக்குள் வந்துவிடும்.

தொடக்க நாளில் வாட்டுக்குப் போகிறோம். அன்று சயாமியர்கள் பெரிய மெழுகுவத்தியைக் கொண்டுவந்து வைப்பார்கள். மூன்று மாதம் இரவில் படிக்க வெளிச்சம் வேண்டுமே என்று தொடங்கிய வழக்கம். இப்போது அதோடு எல்இடி பல்பும் கொடுக்கிறார்கள். அப்புறம் மழைக்குளியல் துணி. இதற்குப் பின்னால் விசாகை என்ற பெண்ணின் கதை இருக்கிறது. பிக்குகளைச் சாப்பிட அழைக்க அவர் அனுப்பிய வேலைக்காரப் பெண் போய்ப் பார்த்தால், பிக்குகள் உடைகளைக் கழற்றிவிட்டு மழையில் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பிக்குகள் யாரும் இல்லை, அம்மணச் சாமிகள்தான் இருக்கிறார்கள் என்று வந்து சொல்லிவிட்டாள். விசாகைக்கு விஷயம் புரிந்துவிட்டது. மழைக்காலத்தில் பிக்குகளுக்குக் குளியல் துணி கொடுக்க அனுமதி வேண்டும் என்று புத்தரிடம் போய்க் கேட்டு வாங்கினார். தேவையைக் கவனித்துக் கொடுக்கிற தானம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீங்களும் ஏதாவது வாங்கிப் போவதற்கு முன் வாட்டில் கேட்டுவிடுங்கள். சோப்பு வாளிகள் அடுக்கிக் கிடக்கிற இடத்துக்கு இன்னொரு சோப்பு வாளி வேண்டாம். ஒரு வருடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது காய்ச்சல் மாத்திரையும் கொசு மருந்தும்.

சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் பதினோரு மணிக்குள் போய்ச் சேருங்கள். நடுப்பகலுக்குப் பிறகு அவர்கள் உண்பதில்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தால் போதாது, கையில் ஏந்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் கொடுக்கும்போது பிக்கு ஒரு துணியை விரித்துப் பிடிப்பார், அதன்மேல் வைக்க வேண்டும். அவமதிப்பு என்று நினைத்துவிட வேண்டாம், சயாமியர் மரபு அது. அம்மா வைக்கிற புளிக்குழம்பும் இடியாப்பமும் அங்கே நன்றாகச் செல்லும்.

வீட்டுக்கு வந்ததும் நாங்களும் சொல்லிக்கொள்கிறோம். சாமி அறையில் விளக்கேற்றி, ஆளாளுக்கு மூன்று முறை: "இந்த மூணு மாசமும் நான் இந்த வீட்டில் தங்குகிறேன்." அவ்வளவுதான். மந்திரம் இல்லை, சங்கல்பத்துக்கு ஐயர் இல்லை. ஆனால் மனதுக்குள் சொல்லிக்கொள்ளாமல், அடுத்தவர் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். காலையில் அரைமணி நேரம் ஒன்றாக உட்காருவோம். நான் மூச்சைக் கவனிப்பேன்; அம்மா தேவாரம் முணுமுணுப்பார்; பிள்ளைகள் சும்மா இருந்தால் போதும். பௌர்ணமி, அமாவாசை, அஷ்டமி நாட்களில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தொலைக்காட்சி இல்லாமல் இருப்போம். இந்த நாட்கள் நம் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. வாட்டின் கணக்கோடு ஒரு நாள் முன்பின் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட அதிகமாக ஆரம்பத்திலேயே ஏற்றிக்கொள்ளாதீர்கள். பத்து விதி எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டுகிற வீடுகளில் அந்தத் தாள்தான் மிஞ்சும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தியானத் தங்கல் என்றாலே பேசாமல் இருப்பது என்றுதான் இப்போது பலரும் நினைக்கிறார்கள். பத்து நாள் மௌனத்துக்குப் போய்வந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று மாதத் தங்கலின் கதை வேறு. கோசல நாட்டில் சில பிக்குகள், நண்பர்கள், சண்டை சச்சரவு இல்லாமல் தங்கலைக் கழிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரும் யாரோடும் பேசக் கூடாது. பிச்சையிலிருந்து முதலில் திரும்புகிறவர் ஆசனம் போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருகிறவர் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு இடத்தைப் பெருக்குவார். தண்ணீர்ப் பானை காலியாக இருந்தால் பார்த்தவர் நிரப்புவார். தூக்க முடியாவிட்டால் கையைக் காட்டி இன்னொருவரைக் கூப்பிடுவார். மூன்று மாதம் ஒரு வார்த்தை இல்லை. முடிந்ததும் புத்தரிடம் போய், நாங்கள் ஒற்றுமையாக, சுகமாக இருந்தோம் என்றார்கள். அவர் மெச்சவில்லை. ஆடுமாடுகள் சேர்ந்து இருப்பது போல இருந்துவிட்டு, சுகமாக இருந்தோம் என்கிறார்களே என்று கண்டித்தார். ஊமை விரதம் பிடிக்கக் கூடாது என்று விதித்தார். அதற்குப் பதிலாக, தங்கல் முடியும் நாளில் ஒவ்வொருவரும் மற்றவர்களை அழைத்துக் கேட்க வேண்டும் என்றார். அதுதான் பவாரணை.

பவாரணை நடக்கிறபோது வயதில் இளையவர் முதியவரிடம் கேட்பதாக ஆரம்பிக்காது. மூத்த பிக்குதான் முதலில் மேலாடையை ஒரு தோளில் போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைகூப்பிக் கேட்க வேண்டும்: என்னிடம் நீங்கள் கண்டது, என்னைப் பற்றிக் கேட்டது, சந்தேகப்பட்டது எதுவானாலும் இரக்கம் வைத்து எனக்குச் சொல்லுங்கள், அதைக் குறையென்று கண்டால் திருத்திக்கொள்வேன். மூன்று முறை. அதன்பிறகு அடுத்தவர், அதன்பிறகு அடுத்தவர், கடைசியில் ஆகப் புதிதாகத் துறவு பூண்ட பிக்கு. மூன்று மாதம் ஏன் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. கூட இருந்து பார்த்தவனால்தான் "கண்டேன்" என்று சொல்ல முடியும். வந்து போகிறவனிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

வீட்டில் இதைச் செய்யலாம் என்று சொன்னது என் மனைவி. எனக்குத் தயக்கமாக இருந்தது. நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் போய் என்னிடம் என்ன குறை என்று கேட்கிற பழக்கம் ஏது? அம்மா தயங்கவில்லை. வீட்டில் மூத்தவர் நான்தானே, நானே தொடங்குகிறேன் என்றார். குத்துக்காலிட முடியாது என்பதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகூப்பி, "நான் ஏதாவது மனசு நோவுற மாதிரி நடந்திருந்தா சொல்லுங்கப்பா. கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். ரொம்ப நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஐந்தாம் படிவம் படிக்கிற மகள், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பாட்டி, என் மார்க்கைப் பக்கத்து வீட்டுல சொல்றீங்க. கூடுனாலும் சொல்றீங்க, குறைஞ்சாலும் சொல்றீங்க." அம்மா கைகளைக் கீழே இறக்கவில்லை. "இனிமே உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன் கண்ணு" என்றார். தன் பேத்தியிடம் அவர் ஒரு விஷயத்தில் அனுமதி கேட்பதாகச் சொன்னது அதுதான் முதல் முறை.

என் முறை வந்தபோது மகன் கேட்டது: "அப்பா, வேன்ல வர்ற பிள்ளைங்க லேட்டானா சிரிச்சுக்கிட்டே காத்திருக்கீங்க. நான் லேட்டானா மட்டும் வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறீங்க." வெளியாட்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்க்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

இதை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். குறை சொல்கிறவர் தன்னையே ஐந்து கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பௌத்த நூல்களில் இருக்கிறது: சரியான நேரமா, உண்மையா, மென்மையாகச் சொல்கிறேனா, கேட்பவருக்கு நன்மை உண்டா, அன்போடு சொல்கிறேனா. நாங்கள் இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவைக்கிறோம். அதோடு எங்கள் அனுபவத்தில் சேர்த்துக்கொண்டவை: அந்த மூன்று மாதத்தில் நடந்ததை மட்டும் பேச வேண்டும், பத்து வருடக் கணக்கைத் திறக்கக் கூடாது. ஒருவர் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவர் அன்றைக்குப் பதில் சொல்லக் கூடாது. "கேட்டுக்கிட்டேன்" என்றால் போதும். அன்று சொன்னதை இன்னொரு நாள் சண்டையில் எடுத்து வீசக் கூடாது. கடைசி விதியைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றுகிற வீட்டில் பவாரணையைச் செய்யவே வேண்டாம். குடிப்பழக்கமோ அடிதடியோ இருக்கிற வீட்டில் சின்னவர்களை இப்படிப் பேச வைப்பது அவர்களுக்கு ஆபத்து. அங்கே முதல் வேலை வேறு.

மூத்தவர் முதலில் என்ற வரிசையையும் மாற்றாதீர்கள். பிள்ளைகளை முதலில் உட்கார வைத்தால் அது விசாரணையாகிவிடும். பெரியவர் தலைகுனிந்து கேட்டதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்குப் பயம் போகிறது.

தங்கல் முடிந்த அடுத்த ஒரு மாதத்துக்குள், பிக்குகளுக்கு அங்கித் துணி கொடுக்கிற கடினத் (பாலியில் கதின) திருநாள் வரும். மூன்று மாதத்தையும் அங்கேயே கழித்த பிக்குகள் ஐந்து பேராவது இருந்தால்தான் ஒரு விகாரையில் அது முறைப்படி நடக்கும். துணியைச் சங்கம் (பிக்குகளின் கூட்டம்) முழுவதற்கும் கொடுக்க வேண்டும். சங்கம் கூடி அதை ஒருவருக்குத் தரும். அன்றைக்கே வெட்டி, தைத்து, சாயம் தோய்த்து, மறுநாள் விடிவதற்குள் அங்கி தயாராக வேண்டும். ஒரு ஆளால் ஆகாது, எல்லாரும் கைகொடுத்தால்தான் நடக்கும். இப்போது பல இடங்களில் தைத்த அங்கியையே கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இந்த மாதத்துக்குள்தான் நம் தீபாவளியும் வரும். அதனால் அம்மா முறுக்கு சுடும்போது ஒரு டின் தனியாக எடுத்துவைத்து, காலையிலேயே வாட்டுக்குக் கொடுத்தனுப்புவார். பினாங்கிலிருந்து சீனர்கள், கம்பத்துச் சயாமியர்கள், நாங்கள் என்று அன்று வாட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. வேனில் வருகிறவர்கள் சாலையோரமே நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது.

ஜூலைப் பௌர்ணமி போய்விட்டதே, இனி அடுத்த வருடம்தானா என்று கேட்பவர்களுக்கும் வழி இருக்கிறது. முதல் நாளைத் தவறவிட்ட பிக்குகள் ஒரு மாதம் கழித்து, அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் தங்கலைத் தொடங்கலாம் என்று வினயத்திலேயே இரண்டாவது தேதி உண்டு. அப்படித் தொடங்குகிறவர்களுக்குக் கடினத்தின் சலுகைகள் கிடைக்காது, மற்றபடி மூன்று மாதம் மூன்று மாதம்தான். முதல் முறை செய்யும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது தேதியையே நான் சொல்வேன். இடையில் கிடைக்கிற ஒரு மாதத்தில் வேலை ஷிப்டு, பிள்ளைகளின் பரீட்சை, ஆவணிக் கல்யாணங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, யார் எப்போது ஏழு நாள் கேட்கப்போகிறார்கள் என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வாட்டுக்கு வந்து பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள். தோள், முழங்கால் மறைகிற உடை போதும். மலாய் கொஞ்சம் தெரிந்தால் போதும், தோக் சாமி நிதானமாகப் பேசுவார்.